அண்ணன்மார் இருவர், கடைக்குட்டி ஒருவன்: ஆறு வார நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் மூன்று பிள்ளைகளுக்கும் நான் அத்தை. ஆகவே முழு நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். முன்பருவப் பள்ளியில் 15 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்ததில், எதைப் பார்த்தாலும் நேரம் போட்டுக் குறித்துக்கொள்ளும் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்தக் குறிப்புகளை நம்பித்தான் இதை எழுதுகிறேன். பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். பெரியவன், நடுப்பிள்ளை, சின்னவன் என்று வீட்டில் சொல்வதுபோலவே இங்கும் சொல்கிறேன்.

பெரியவனுக்கு 11 வயது, நடுப்பிள்ளைக்கு 7. சின்னவனுக்கு நான் அங்கே போய் இறங்கிய அன்று 20 மாதம் முடிந்திருந்தது. அண்ணி மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் அமையும் வரை நான் இருப்பதாக ஏற்பாடு. தொலைபேசியில் அவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: “சின்னவன் கடிக்கிறான், நடுவுல இருக்கிறவன் பேசறதையே விட்டுட்டான், பெரியவன் என்னைவிட அதிகமா அதட்டுறான். நீங்க வந்து பாருங்க.” ஒரு மருத்துவரிடம் போயிருந்தால் இதைவிடத் தெளிவாக யாரும் முறையீட்டைச் சொல்லியிருக்க முடியாது.

வீட்டிலிருந்தவர்கள் ஏற்கெனவே ஒரு விளக்கமும் வைத்திருந்தார்கள். சின்னவனுக்குப் பிடிவாதம், அண்ணன்மார்மேல் பொறாமை, செல்லம் கொடுத்துக் கெட்டுப்போனான். நடுப்பிள்ளைக்குத் தம்பி பிறந்ததிலிருந்து ஏக்கம். பெரியவன் பொறுப்பானவன், அவனைப் பற்றிக் கவலையில்லை. இந்த மூன்றில் முதலாவது தவறு, இரண்டாவது பாதி சரி, மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பது எனக்குத் தெரிய மூன்று வாரம் ஆயிற்று.

முதல் 14 நாள்

முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றுவதில்லை என்று முடிவு செய்து, அதை அண்ணனிடமும் அண்ணியிடமும் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு மோதலுக்கும் குறிப்பேட்டில் ஒரு வரி: மணி, எந்த இடம், சற்று முன்பு என்ன நடந்துகொண்டிருந்தது, என்ன நடந்தது, அதன் பிறகு பெரியவர்கள் என்ன சொன்னார்கள். நடத்தையைக் கவனிப்பவர்கள் எல்லோரும் கையாளும் பழைய முறைதான் இது. முன்னும் பின்னும் இல்லாமல் நடுவில் நடந்ததை மட்டும் பார்த்தால் பிள்ளை கெட்டவனாகத்தான் தெரிவான்.

14 நாளில் 37 வரிகள் சேர்ந்தன. கடித்தது ஐந்து முறை, ஐந்தும் நடுப்பிள்ளையை. கட்டியதைத் தள்ளிவிட்டது, புத்தகத்தைப் பிடுங்கியது, பேனாவை எடுத்துக்கொண்டு ஓடியது, கதவைத் தட்டி அழுதது ஆகியவை மற்றவை. 37இல் 23 மோதல்கள், அண்ணன்மார் பள்ளியிலிருந்து வீடு திரும்பிய பிறகான ஒரு மணி நேரத்துக்குள் நடந்திருந்தன. விடுமுறை நாள்களில் அவை நாள் முழுக்கச் சிதறிக் கிடந்தன. காலையில், எல்லோரும் அவசரத்தில் இருந்த நேரத்தில், மொத்தமே மூன்று. இது எனக்கே வியப்பாக இருந்தது, ஏனென்றால் காலைதான் மோசமான நேரம் என்று வீட்டில் எல்லோரும் உறுதியாக நம்பினார்கள். காலையில் சத்தம் போட்டது பெரியவர்கள்; பிள்ளைகள் அல்ல.

அந்த ஒரு மணி நேரம் எப்படித் தொடங்கும் என்பதைச் சொல்ல வேண்டும். சின்னவன் பகலில் தூங்கி எழுந்து, என்னோடு ஏதோ விளையாடிக்கொண்டிருப்பான். பள்ளி வேனின் ஹாரன் சத்தம் கேட்டதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவான். அங்கே வரிசையாக இருக்கும் செருப்புகளில் பெரியவனுடையதில் ஒன்றையும் நடுப்பிள்ளையுடையதில் ஒன்றையும் தூக்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கதவு திறப்பதற்காக நிற்பான். யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. காலையில் அவர்கள் கிளம்பும்போது காலில் எதையோ மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறான். வரும்போதும் அது தேவைப்படும் என்று அவனாகக் கணக்குப் போட்டிருக்கிறான். ஆண்ட்ரூ மெல்ட்சாஃப் 1988இல் வெளியிட்ட சோதனையில், ஒருவர் நெற்றியால் ஒரு பெட்டியின் மேற்பலகையைத் தொட்டு விளக்கெரிய வைப்பதைப் பார்த்த 14 மாதக் குழந்தைகளில் பலர், ஒரு வாரம் கழித்து அந்தப் பெட்டியைக் கண்டதும் தாங்களும் நெற்றியால் தொட்டார்கள். 20 மாதக் குழந்தை தினமும் பார்ப்பதை மனத்தில் வைத்திருப்பதில் அதிசயமில்லை. அதிசயம், அந்தச் செருப்புகளை 14 நாளில் ஒரு நாள்கூட யாரும் வாங்கிக்கொள்ளவில்லை என்பதுதான். பெரியவன் “வழிய விடுடா” என்று தாண்டிப் போவான். நடுப்பிள்ளை பையை இறக்கிவைத்த கையோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். செருப்போடு நிற்பவன் சிறிது நேரம் சாத்திய கதவைப் பார்ப்பான், பிறகு தட்டுவான், பிறகு செருப்பால் தட்டுவான். குறிப்பேட்டில் என் வரி அங்கே தொடங்கும்.

பாலம்

ஒரு மோதலை முழுமையாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் எண்ணத்தை மாற்றியது அதுதான். நடுப்பிள்ளை நான்கு நாளாகச் சிறிய பிளாக்குகளால் ஒரு பாலம் கட்டிக்கொண்டிருந்தான். இரண்டு தூண்கள், நடுவில் தொங்கும் நூல்கள், அடியில் நீல நிறத் துணி நதியாக விரிந்திருக்கும். ஒன்பதாம் நாள் மாலை கதவு சரியாகச் சாத்தப்படவில்லை. சின்னவன் உள்ளே போனான். நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். தடுக்கவில்லை, அதற்காகப் பிறகு நடுப்பிள்ளையிடம் மன்னிப்பும் கேட்டேன்.

அவன் நேரே போய்த் தள்ளவில்லை. அண்ணனுக்குப் பக்கத்தில், முழங்கால் இடிக்கும் அளவுக்கு நெருங்கி உட்கார்ந்தான். அண்ணன் முகத்தைப் பார்த்தான். அண்ணன் பாலத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். சின்னவன் ஒரு விரலை நீட்டித் தூணைத் தொட்டுவிட்டு மறுபடியும் முகத்தைப் பார்த்தான். “தொடாதே” என்றான் நடுப்பிள்ளை, திரும்பாமலே. சின்னவன் சிரித்தான். இரண்டாம் முறை தொட்டான். “தொடாதேன்னு சொன்னேன்ல.” இப்போதும் அண்ணன் திரும்பவில்லை. மூன்றாம் முறை கை முழுவதும் தூணைப் பிடித்து இழுத்தது. பாலம் விழுந்தது. நடுப்பிள்ளை அப்போதுதான் திரும்பினான், அலறினான், முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். அந்த முதுகுக்குக் கீழே, முழங்கைக்குப் பக்கத்தில், சின்னவன் கடித்தான்.

இதில் பொறாமை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஜூடி டன்னும் பென்னி மன்னும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வயதில் இருக்கும் குழந்தைகளை அவரவர் வீட்டிலேயே கவனித்து, எதைச் செய்தால் அண்ணனுக்கோ அக்காவுக்கோ கோபம் வரும் என்பதை அந்த வயதிலேயே அவர்கள் கற்றுக்கொண்டு, அதை வைத்துச் சீண்டுகிறார்கள் என்று காட்டினார்கள். நான் கண்டதும் அந்தச் சீண்டலே. ஆனால் சீண்டுவதற்கு முன்பு அவன் இரண்டு முறை வேறு வழியில் கூப்பிட்டுப் பார்த்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாலம் விழுந்தால் அண்ணன் திரும்புவான் என்பது அவனுக்கு அனுபவப் பாடம். தட்டுவதற்குக் கதவு, திருப்புவதற்குப் பாலம். குறிப்பேட்டைத் திரும்பப் படித்தபோது, 37இல் பெரும்பாலானவற்றில் “சற்று முன்பு” என்ற கட்டத்தில் ஒரே பொருள்தான் வெவ்வேறு சொற்களில் இருந்தது: முகம் திரும்பவில்லை, பதில் இல்லை, கதவு சாத்தியிருந்தது, இருவரும் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

விளையாட்டைப் பற்றிப் படித்தவர்களுக்கு மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல் வகுத்த படிநிலைகள் தெரிந்திருக்கும். தனித்து ஆடுவது, பக்கத்தில் நின்று பார்ப்பது, பக்கத்தில் இருந்துகொண்டு தன் போக்கில் ஆடுவது, பிறகு கலந்து ஆடுவது, கடைசியாகக் கூட்டாக ஒரு நோக்கத்தோடு ஆடுவது. அந்தக் கணக்குப்படி 20 மாதக் குழந்தைக்குப் பக்கத்தில் இருந்து ஆடுவதே போதும். ஏழு வயதுப் பிள்ளைக்குக் கூட்டு விளையாட்டு வேண்டும், திட்டம் வேண்டும், திட்டம் கலையாமல் இருக்க வேண்டும். இருவரையும் ஒரே தரையில் ஒரே பொருளோடு உட்கார வைத்துவிட்டு “சேர்ந்து விளையாடுங்க” என்று சொல்வது, ஓடுகிறவனையும் உட்கார்ந்திருப்பவனையும் ஒரே கயிற்றில் கட்டுவது போன்றது. இந்த வீட்டில் அதை ஒரு நாளைக்கு நான்கைந்து முறை சொன்னோம். நானும் சொன்னேன்.

“நீ பெரியவன்தானே”

குறிப்பேட்டின் கடைசிக் கட்டம், பெரியவர்கள் என்ன சொன்னார்கள் என்பது. அதைத்தான் அண்ணிக்குக் காட்டத் தயங்கினேன். 37 வரிகளில் 21இல் எங்களில் யாராவது ஒருவர் நடுப்பிள்ளையைப் பார்த்து “நீ பெரியவன்தானே, விட்டுக்கொடு” என்றோ “அவன் சின்னவன்தானே” என்றோ சொல்லியிருந்தோம். பாலம் விழுந்த அன்று அண்ணனும் அதைத்தான் சொன்னார். அதே நடுப்பிள்ளை பெரியவனின் கணக்குப் பெட்டியைத் தொட்டபோது, “நீ சின்னப் பையன், அதைத் தொடாதே” என்று திட்டு வாங்கினான். ஒரே நாளில் ஒரே பிள்ளை, விட்டுக்கொடுக்கும்போது பெரியவனாகவும் கேட்கும்போது சின்னவனாகவும் இருந்தான். பேசுவதையே விட்டுவிட்டான் என்று அண்ணி சொன்னதற்கு எனக்கு அதைவிட நல்ல காரணம் தேவைப்படவில்லை.

ஜூடி டன்னும் கரோல் கெண்ட்ரிக்கும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் 40 குடும்பங்களை, இரண்டாவது குழந்தை பிறப்பதற்கு முன்பிருந்தே தொடர்ந்து கவனித்து 1982இல் வெளியிட்ட முடிவுகளில் ஒன்று இங்கே பொருந்தும். புதிதாகப் பிறந்த குழந்தையை ஓர் ஆளாகக் கருதி, அதற்கு என்ன வேண்டியிருக்கிறது, ஏன் அழுகிறது என்று மூத்த பிள்ளையோடு சேர்ந்து பேசிய தாய்மார்களின் வீடுகளில், ஓராண்டுக்கு மேல் கழித்துப் பார்த்தபோது உடன்பிறந்தார் உறவு இணக்கமாக இருந்தது. எங்கள் வீட்டில் சின்னவனைப் பற்றி அண்ணன்மாரிடம் பேசிய பேச்சில் அவன் ஓர் ஆளாகவே வரவில்லை. ஒரு வெள்ளம் போலவோ காற்று போலவோ, ஒதுங்கிக்கொள்ள வேண்டிய ஒன்றாக மட்டும் வந்தான்.

மாற்றியவை

மூன்றாம் வாரம் தொடக்கத்தில் அண்ணன், அண்ணி, நான் மூவரும் இரவு உட்கார்ந்து பேசினோம். குறிப்பேட்டை அண்ணி முழுவதும் படித்தார். சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, “செருப்பை நானும் வாங்கினதில்ல” என்றார்.

முதல் மாற்றம் அதுதான். வீடு திரும்பியதும் முதல் பத்து நிமிடம் சின்னவனுக்கு. பையை இறக்குவதற்கு முன்பே, அவன் நீட்டும் செருப்பை வாங்கிக்கொண்டு, தரையில் உட்கார வேண்டும். என்ன ஆட்டம் என்பதை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். பெரியவன் போர்வையை மூடிக்கொண்டு கரடியாக வந்தான். அது கடைசி வரை மாறவே இல்லை. நடுப்பிள்ளை முதல் நான்கு நாள் சும்மா உட்கார்ந்திருந்தான், அதுவும் போதுமானதாக இருந்தது. பத்து நிமிடம் கழித்து அவரவர் வேலைக்குப் போனபோது சின்னவன் பின்னாலேயே ஓடுவான் என்று நான் எதிர்பார்த்தேன். பாதி நாள்கள் ஓடினான். மீதி நாள்கள் ஓடாமல் என்னிடம் வந்தான். பசிக்கு முதலில் கொடுத்துவிட்டால் தட்டைப் பறிக்க மாட்டான் என்பது போலத்தான்.

இரண்டாவது மாற்றம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. வீட்டில் ஒரு மடக்குத் தடுப்பு இருந்தது, குழந்தையை உள்ளே விட்டுச் சுற்றி அடைக்கும் வகை. சின்னவனை அதில் விட்டால் இரண்டே நிமிடத்தில் வீடே அதிரும். அதை எடுத்து நடுப்பிள்ளையிடம் கொடுத்து, உள்ளே அவனையும் அவன் பிளாக்குகளையும் வைத்து, வெளியில் சின்னவனை விட்டேன். முதலில் அவன் சந்தேகத்தோடு பார்த்தான்: “நான் எதுக்கு அத்தை ஜெயிலுக்குப் போகணும்?” அது ஜெயில் அல்ல, அது அவனுடைய பட்டறை, உள்ளே வர யாருக்கும் அவன் அனுமதி வேண்டும், எனக்கும் சேர்த்து என்றேன். அந்தக் கடைசிச் சொல் அவனுக்குப் பிடித்துப்போயிற்று. நான் ஒரு நாள் உள்ளே கை நீட்டியபோது, “அனுமதி கேட்டீங்களா?” என்று நிறுத்தினான். கதவு சாத்தியிருந்த வரை சின்னவனுக்கு அண்ணன் காணாமல் போனவன். கம்பிகளுக்கு அப்பால் அண்ணன் தெரிந்தான், பேசினான், நிமிர்ந்தால் கண்ணில் பட்டான். இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம்கூட நின்று பார்த்தான். பார்ட்டன் சொன்ன “பக்கத்தில் நின்று பார்ப்பது” வீட்டிலேயே நடந்தது, பாலமும் நின்றது.

இந்தத் தடுப்புக்கு இன்னொரு பயனும் உண்டு, அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். மூன்று வயதுக்கு உட்பட்டோருக்கான விளையாட்டுப் பொருள்களைச் சோதிக்க, 31.7 மி.மீ. விட்டமுள்ள ஒரு சிறு உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுவதும் அடங்கும் எதுவும் அந்த வயதுக் குழந்தையின் தொண்டையை அடைக்கக் கூடியது. நடுப்பிள்ளையின் பிளாக்குகளில் பெரும்பாதி அதில் அடங்கும். பெரியவனின் ரிமோட் காரிலும் ஒரு சிறு விளக்கிலும் பட்டன் பேட்டரிகள் இருந்தன, விளக்கின் மூடிக்குத் திருகாணியே இல்லை. விழுங்கிய பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் தங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண்ணை உண்டாக்கும். அழுகையோ வலியோ வருவதற்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய விஷயம் அது. விளக்கைத் தூக்கி எறிந்தோம். மூத்த பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கடைக்குட்டிக்கு வரும் ஆபத்து பெரும்பாலும் அவனுக்காக வாங்கிய பொருளிலிருந்து வருவதில்லை. அண்ணன்மாரின் பொருளிலிருந்தே வருகிறது.

மூன்றாவதாக, சின்னவனுக்கு வேலை கொடுத்தோம். ஃபெலிக்ஸ் வார்னெக்கனும் மைக்கேல் டொமசெல்லோவும் 2006இல் வெளியிட்ட சோதனைகளில், இரண்டு கையிலும் சுமையோடு அலமாரிக் கதவில் முட்டிக்கொண்டு நிற்கும் அந்நியருக்கு 18 மாதக் குழந்தைகள் தாமாகப் போய்க் கதவைத் திறந்துவிட்டார்கள். இவன் ஏற்கெனவே செருப்பு தூக்குகிறவன். பெரியவன் வீட்டுப்பாடம் எழுதும்போது அழிப்பான் வைத்திருக்கும் டப்பாவுக்குச் சின்னவன் காவல். கேட்கும்போது எடுத்துத் தர வேண்டும். பெரியவன் தேவையே இல்லாமல் எழுதி எழுதி அழித்தான். கையெழுத்து அந்த வாரம் சற்று மோசமாகத்தான் இருந்தது.

நான்காவதாக, “நீ பெரியவன்தானே” என்ற சொல்லை வீட்டில் நிறுத்தினோம். அதற்குப் பதிலாக என்ன சொல்வது என்பதுதான் கடினம். “அவன் உன்னைக் கூப்பிடறான், உனக்கு இப்ப முடியுமா, முடியாதா?” என்று கேட்கத் தொடங்கினோம். முடியாது என்று நடுப்பிள்ளை சொன்னால் அதைப் பெரியவர்கள் மதிக்க வேண்டும், சின்னவனை வேறு பக்கம் தூக்கிப் போவது எங்கள் வேலை. முதல் இரண்டு நாள் எல்லாவற்றுக்கும் முடியாது என்றான். மூன்றாம் நாள் யாரும் கேட்காமலேயே ஒரு சக்கரத்தைக் கம்பி வழியாக வெளியே நீட்டினான்.

தோற்றவை

எல்லாம் கைகொடுத்தது என்று எழுதினால் பொய். மணியடிக்கும் டைமரை வைத்து ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று முறை போட்டுப் பார்த்தேன்; பள்ளியில் நான்கு வயதுப் பிள்ளைகளிடம் அருமையாக நடக்கும். இங்கே சின்னவனுக்கு ஐந்து நிமிடம் என்பது பொருளற்ற சொல், டைமரோ மிக நல்ல விளையாட்டுப் பொருள். அதற்காக ஒரு தனிச் சண்டை நடந்தது. கடித்ததும் ஓரமாக உட்கார வைத்தோம். எதற்கு உட்கார்ந்திருக்கிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. “அண்ணாகிட்ட சாரி சொல்லு” என்றதும் கன்னத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு, அடுத்த நிமிடம் மறுபடி கடித்தான். தடவுவதும் கடிப்பதும் ஒரே ஆட்டத்தின் இரண்டு பகுதிகள் என்று எடுத்துக்கொண்டான் போலும். அண்ணன் அவனுக்கென்று பெரிய பிளாக்குகள் ஒரு பெட்டி நிறைய வாங்கி வந்தார், எந்தத் தொண்டையிலும் அடங்காதவை. பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்தான். பிளாக்குகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவனுக்கு வேண்டியது அண்ணன் கையில் அந்த நேரத்தில் இருக்கும் பிளாக், அது மட்டுமே. அதே பெட்டியை வைத்து நடுப்பிள்ளை விளையாடத் தொடங்கிய மறுநாள்தான் அதற்கு மதிப்பு வந்தது.

நான்காம் வாரம் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பியது போல ஆயிற்று. மூன்றே நாளில் நான்கு கடி. மருத்துவரிடம் காட்டியபோது கோரைப்பற்கள் முளைத்துக்கொண்டிருந்தன. பொதுவாக 16 மாதத்திலிருந்து 23 மாதத்துக்குள் வருபவை. ஈறு வலியில் அவன் அந்த வாரம் கதவையும் மேசையையும்கூடக் கடித்தான். இதை நடுப்பிள்ளைக்கு விளக்கியதும் அவன் கேட்டது: “அப்ப என்மேல கோபம் இல்லையா?” நான் வருவதற்கு முன்பிருந்தே அவன் அதைக் கேட்க நினைத்திருப்பான்.

பெரியவன்

பெரியவனைப் பற்றித்தான் வீட்டில் கவலையில்லை என்றார்கள். அவன் குளியலறை வாசலில் நின்று தம்பியைப் பார்த்துக்கொண்டான், மாடிப்படியில் முன்னால் நின்று மறித்தான், கடித்தால் அதட்டினான், அண்ணி வீடு திரும்பியதும் அன்றைய குற்றப்பட்டியலை ஒப்பித்தான். அதட்டும் தொனி அச்சு அசலாக அவன் அப்பாவுடையது. ஒரு நாள் மாலை, யாரும் இல்லாத நேரத்தில், “அத்தை, சின்னவனுக்கு ஏதாவது ஆனா என்னைத்தானே கேப்பாங்க?” என்றான்.

11 வயதுப் பிள்ளை தம்பியோடு விளையாடலாம், தூக்கலாம், கரடியாக வரலாம். பொறுப்பாளியாக இருக்கக் கூடாது, குறிப்பாகத் தண்ணீர் உள்ள இடத்தில். சில சென்டிமீட்டர் ஆழமே உள்ள தண்ணீரிலும் இந்த வயதுக் குழந்தை மூழ்கக் கூடும், அதுவும் சத்தமில்லாமல். அண்ணன் அவனை அழைத்து, குளியலறையும் மாடிப்படியும் இனிப் பெரியவர்களின் வேலை என்று நேராகச் சொன்னார். படியில் கதவு போட்டார்கள். பெரியவன் முதலில் அதைத் தண்டனையாக எடுத்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். குற்றப்பட்டியல் ஒப்பிப்பது நிற்க மேலும் பத்து நாள் ஆயிற்று. தம்பியை மடியில் வைத்துக்கொண்டு டேப்லெட் பார்த்த பழக்கமும் அதோடு நின்றது, அதற்குப் பெரிய எதிர்ப்பு இருந்தது. ஒரு வயதுக் குழந்தைக்கு உட்கார்ந்து திரை பார்க்கும் நேரமே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருப்பதைக் காட்டியும் அவன் ஏற்கவில்லை. மூவரும் ஒரே அறையில் படுத்ததால் அண்ணன்மாரின் இரவுப் பேச்சில் சின்னவன் தூங்காமல் இருந்தான். பகல் தூக்கமும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தேவைப்படும் வயது. அவனை முக்கால் மணி முன்னதாக அம்மா அறையில் தூங்க வைத்து, பிறகு எடுத்துப் போய்ப் படுக்க வைத்ததில் அது சரியாயிற்று.

பேச்சு

அண்ணிக்கு இன்னொரு பயம் இருந்தது: பெரியவன் இந்த வயதில் எவ்வளவோ பேசினான், சின்னவன் பேசவில்லை. ஃபிரான்சில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து நவோமி ஹாவ்ரோனும் அவர் குழுவினரும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், அக்கா உள்ள குழந்தைகளைவிட அண்ணன் உள்ள குழந்தைகளின் மொழித்திறன் சராசரியில் சற்றுக் குறைவாக இருந்தது. சராசரி என்பதையும், அது எந்தத் தனிக் குழந்தையின் தலைவிதியும் அல்ல என்பதையும் அண்ணியிடம் சொன்னேன். மறுபக்கமும் உண்டு. இரண்டாவதாகப் பிறந்த குழந்தைகள் “நான்”, “நீ” போன்ற சொற்களை முன்னதாகவே கையாள்கிறார்கள் என்று யூரிக்கோ ஒஷிமா டகானேயும் உடன் ஆய்ந்தவர்களும் 21 மாதத்திலும் 24 மாதத்திலும் சோதித்து 1996இல் எழுதினார்கள்; மற்றவர்கள் தங்களுக்குள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதால் வரும் பயன் அது. எங்கள் சின்னவன் தெளிவாகச் சொன்ன முதல் ஐந்தாறு சொற்களில் “எனக்கு” இருந்தது, “போ” இருந்தது, “தா” இல்லை.

அது எங்கிருந்து வந்தது என்பதைத் தேட ஒரு நாள் மாலை முழுவதும் அவனை நோக்கி வீட்டார் பேசியதை மட்டும் எழுதினேன். பாதிக்கு மேல் தடைகள்: வேண்டாம், தொடாதே, விடு, போ, நகரு. நான்கு வயதுப் பிள்ளைகளே இரண்டு வயதுக் குழந்தையிடம் பேசும்போது வாக்கியத்தைச் சுருக்கி எளிதாக்குகிறார்கள் என்று மேரிலின் ஷாட்ஸும் ராஷெல் கெல்மனும் 1973இலேயே காட்டியிருக்கிறார்கள். ஆகவே அண்ணன்மாருக்கு அது வராது என்பதல்ல, வாய்ப்புதான் இல்லை. பத்து நிமிட ஆட்டத்தில் அது தானாக வந்தது. “கரடி வருது. கரடி எங்கே? இதோ கரடி.” கம்பிக்கு அப்பாலிருந்து நடுப்பிள்ளையும், “இது தூண். இது சக்கரம். சக்கரம் தா” என்று பேசத் தொடங்கினான். ஐந்தாம் வார இறுதியில் சின்னவன் இரண்டு சொற்களைச் சேர்த்தான்: “அண்ணா தா.” காது நன்றாகக் கேட்கிறது என்பதை மருத்துவர் உறுதி செய்திருந்தார், இரண்டு வயது நிறையும்போது சொற்கள் ஐம்பது அளவுக்கு வரவில்லையென்றாலோ இரண்டைச் சேர்த்துப் பேசவில்லையென்றாலோ மறுபடி வரச் சொல்லியிருந்தார்.

ஆறாம் வாரம்

கடைசி வாரத்தில் மறுபடி வரிக்கு வரி குறித்தேன். ஏழு நாளில் மோதல்கள் ஒன்பது, கடி ஒன்று. பள்ளி விட்டு வந்த முதல் மணி நேரத்தில் இரண்டு மட்டுமே. விடுமுறை நாள்கள் பெரிதாக மாறவில்லை, இரண்டு நாளிலேயே ஐந்து மோதல்கள். நாள் முழுக்கத் தடுப்புக்குள் யாரும் உட்கார்ந்திருக்க முடியாது, அதற்கு எங்களிடம் விடை இல்லாமலேயே நான் கிளம்பினேன். நடுப்பிள்ளை பள்ளியில் நடந்ததை அண்ணியிடம் சொல்லத் தொடங்கியிருந்தான், இரவில் விளக்கை அணைத்த பிறகு, இருட்டில் மட்டும்.

கிளம்புவதற்கு முந்தைய நாளின் கடைசிக் குறிப்பு இது. மாலை 5.20. நடுப்பிள்ளை தடுப்புக்குள், இரண்டாவது பாலம் ஏறக்குறைய முடிந்த நிலையில். சின்னவன் வெளியே, கம்பியைப் பிடித்தபடி. பெரியவன் ஏதோ எடுப்பதற்காகத் தடுப்பைத் தாண்டிக் குனிந்தான், அவன் சட்டையின் ஓரம் தூணின்மேல் உரசியது. சின்னவன் கம்பியை விட்டுவிட்டு, ஒரு விரலை நீட்டி, நடுப்பிள்ளையின் குரலில், பெரியவனைப் பார்த்துச் சொன்னான்: “தொடாதே.”